நாற்காலியின் எடை

முதலில் நாற்காலியை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்தாள் சப்ரீன். இரண்டு கிலோ முந்நூற்று ஐம்பது. இரண்டு வாரத்துக்கு முன்பும் அதேதான். பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏறவும் இறங்கவும் என்ன இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதைத் தனியாக நிறுத்துவிட்டுத்தான் அவரை உட்கார வைப்பாள். கழிக்க வேண்டியதாவது சரியாக இருக்கட்டும் என்று.

அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். சப்ரீன் கக்கத்துக்கடியில் கைகொடுப்பாள். குடோனில் பஞ்சு பிரிக்கிற சண்முகத்தாய் முழங்காலுக்கடியில் பிடித்துக்கொள்வாள். ராஜபாளையத்து மில்களிலிருந்து வரும் கழிவுப் பஞ்சை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய எடை மிஷின் அது. வீட்டுக்குப் பின்னால் குடோன் போட்ட வருஷம் அவள் கணவர் சாதிக் பாட்சா வாங்கியது. இப்போது மாதம் இரண்டு தடவை அதில் அவரே ஏறி உட்கார்ந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சண்முகத்தாய் தன் உள்ளங்கையால் அதை நேராக நிறுத்தி, கையை மெதுவாக எடுத்தாள்.

"மொதலாளி, ஈரப் பஞ்சு போடுதான்னு எம்புட்டுப் பேரை ஏசியிருப்பீய. நம்மளும் செத்த தண்ணி தெளிச்சு நிறுத்துருவமா? டாக்டருக்கா தெரியப் போவுது."

சாதிக் சிரித்தார். சிரிப்பு தொடங்கினால் அவரால் அதை நிறுத்த முடியாது. தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற அந்த நோய் செய்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. தோள் குலுங்க, வாயோரம் எச்சில் வழிய, சிரித்துக்கொண்டே போய்க் கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துதான் அது அடங்கும். சிரிப்பு ஓயும்வரை எண்கள் துள்ளின. சப்ரீன் எண் பலகைக்கும் அவர் கண்ணுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். சிவப்பு எண்கள் நிலைத்தன. நாற்பத்தாறு நூற்றைம்பது. நாற்காலியைக் கழித்தால் நாற்பத்து மூன்று எண்ணூறு.

"எம்புட்டு, டீச்சரம்மா?"

"கூடியிருக்கு. நாப்பத்தஞ்சுக்கு மேல."

சண்முகத்தாய் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்பொ நான் ஊட்டுன கேப்பக் கூழுதான்," என்றாள். இரண்டு பேருமாக அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றினார்கள். சப்ரீன் எட்டு இருபது பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். மிஷின் மேலிருந்த நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

மதுரை டாக்டர் கேட்டிருந்தது நாற்பத்தேழு. வரும் செவ்வாய்க்கிழமை போகும்போது நாற்பத்தேழு கிலோ இருக்க வேண்டும், ஊதிப் பார்க்கிற சோதனையில் மூச்சு இன்னும் இறங்காமல் இருக்க வேண்டும். இருந்தால் வயிற்றில் குழாய் வைத்து நேராகச் சாப்பாடு கொடுக்க ஒரு முயற்சி செய்யலாம். இல்லையென்றால் அந்தச் சின்ன ஆபரேஷனையே அவர் மூச்சு தாங்காது. "அப்புறம் வாய் வழியா எவ்வளவு போகுதோ அவ்வளவுதான்மா," என்றார். தண்ணீரே புரையேறுகிறவருக்கு வாய் வழியாக எவ்வளவு போகும் என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

இதே டாக்டர் தை மாதம் குழாய் வைத்துக்கொள்ளச் சொல்லி அவர்களைக் கட்டாயப்படுத்தியிருந்தார். அப்போது எடை ஐம்பத்தாறு. மூச்சு அறுபத்து நான்கு சதவீதம். "நல்லா சாப்பிடறப்பவே வச்சுக்கணும். முடியாதப்போ வைக்க முடியாது." அன்றைக்கு அந்த அறையில் பேசியது சாதிக் இல்லை, அவள்தான். அவள் குரல் இன்னும் அவள் காதில் அப்படியே இருக்கிறது. "நோன்பு முடியட்டும் டாக்டர். பெருநாள் கழிச்சு வாரோம்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மேற்கே மலை தெரியவில்லை, சாரல் மறைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அரை மணி நேரம். இந்த அரை மணி நேரத்தில் அவள் வீட்டைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பிரித்துக்கொள்வாள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தைக் கட்டி வைப்பாள். இரண்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. கோயம்புத்தூரில் படிக்கிற மகன் ஃபயாஸ் போன் செய்தால், அவனுக்கென்று இன்னொரு மூட்டை வைத்திருந்தாள். அதில் எல்லாம் நன்றாக இருந்தது.

இந்தக் கட்டி வைக்கிற பழக்கம் குடோனிலிருந்து வந்ததுதான். கரண்ட் போனால் சாதிக் முதலில் சொல்வது, "கையில இருக்கதக் கட்டுங்க" என்பது. வெள்ளைப் பஞ்சையும் பழுப்பையும் தூசிப் பஞ்சையும் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க முடியும். அரை இருட்டில் பிரித்தால் மூன்றும் கலந்து, ஒரு நாள் வேலை வீண். அதனால் கரண்ட் போனதும் ஒவ்வொருத்தியும் தன் முன்னால் இருப்பதை அப்படி அப்படியே துணியில் முடிந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துகொள்வாள். வெளிச்சம் வந்ததும் அவிழ்த்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். உயிருள்ள செல்லும் இதைத்தான் செய்கிறது என்று அவள் சாதிக்கிடம் ஒரு தடவை சொன்னாள். சூடு தாங்காதபோது, இரை கிடைக்காதபோது, செல் தன் வேலையை நிறுத்தி, பாதியில் கிடக்கும் சேதிகளைச் சின்னச் சின்னத் துளிகளாகத் திரட்டி வைத்துக்கொள்ளும். அந்தத் துளிகளுக்குச் சுவர் கிடையாது. ரசத்தில் மிதக்கிற நெய் மாதிரி, சேரும், பிரியும். கஷ்டம் நீங்கினால் கரைந்துவிடும்.

"நீங்காட்டி?" என்று கேட்டார் சாதிக். அப்போது அவருக்குப் பேச்சு இருந்தது.

அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. பஞ்சு வியாபாரிக்குத் தெரியாததா. சாரல் காலத்தில் முடிந்த மூட்டையை நாலு நாள் அவிழ்க்காமல் விட்டால் உள்ளே கட்டி தட்டிப்போகும். பிறகு அது பஞ்சு இல்லை. அவர் நரம்பு செல்களுக்குள் அப்படிக் கட்டி தட்டிப்போன துளிகள் இருப்பதாகத்தான் அவள் படித்த கட்டுரைகள் சொல்லின. காத்திருப்பதற்காகக் கட்டியது, காத்திருந்தே இறுகிப்போனது.

மாசி மாதம் நோன்பு பிறப்பதற்கு முன்னால், பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "பாட்சா பாய்க்கு நோன்பு கடமையில்ல. நோயாளிக்கு அல்லாவே சலுகை குடுத்துருக்கான். நோன்பு ஒண்ணுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு, அம்புட்டுதான்." சாதிக் தலையாட்டினார். அரிசி மூட்டைக்குச் சொல்லிவிடச் சொன்னார். அத்தோடு முடிந்திருக்கும்.

அவள்தான் முடியவிடவில்லை. வருஷா வருஷம் நோன்பு நேரத்தில் போனுக்குப் போன் சுற்றும் அந்தச் சேதி அந்த வாரமும் வந்தது. பசியில் இருக்கும் செல் தன் குப்பையைத் தானே பையில் கட்டித் தின்றுவிடும், அதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசு, ஆகவே நோன்பு. மற்றவர்களுக்கு அது அனுப்பிவிட்டு மறக்கிற சேதி. அவள் தாவரவியல் டீச்சர். அவளுக்கு அந்தப் பை என்னவென்று தெரியும், அது எதனோடு போய்ச் சேரும், எந்த நொதி எதைக் கரைக்கும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்ததுதான் அவளைக் கெடுத்தது. இரண்டு கட்டுரை தேடிப் படித்தாள். எலிகளில் நடந்ததைப் படித்தாள். குப்பை கரையுமென்றால் அந்த இறுகிய கட்டிகளும் கரையலாம் இல்லையா. டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று அவளுக்குள் ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருந்தது. அந்த மூலையைப் போய்ப் பார்க்காமல் இருந்தாள்.

"வச்சுத்தான் பாருங்களேன்," என்றாள் சாதிக்கிடம். "பசி எடுத்தா செல்லு தன்னையே சுத்தம் பண்ணிக்கிடும். புத்தகத்துலயே இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். பல மாதம் கழித்து அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். "டீச்சர் சொன்னா சரிதான்," என்றார் குழறலாக.

இருபத்திரண்டு நோன்பு வைத்தார். கையைத் தூக்கி ஒரு டம்ளர் எடுக்க முடியாதவர், கூப்பிட்டால் திரும்ப முடியாதவர், காலையிலிருந்து மாலைவரை தன்னால் செய்ய முடிந்த ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டவர் மாதிரி இருந்தார். நோன்பு திறக்கும் நேரத்தில் தெருவில் எல்லோர் வீட்டுக் கஞ்சியும் அவரைத் தேடி வந்தது. பழைய மில் சிநேகிதர் சுப்புராஜ் வந்து, "நாங்கெல்லாம் தின்னுட்டே சாகறோம், நீ பாரு," என்று கலங்கினார். எத்தனையாவது நோன்பு என்று யாராவது கேட்டால் சாதிக் விரலை அசைத்து எண்ணிக்கை காட்டுவார். இருபத்து மூன்றாம் நாள் விடியலுக்கு முன் குடித்த பால் மூச்சுக்குழாய்க்குள் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். வெளியே வந்தபோது எடை நாற்பத்தெட்டு, மூச்சு நாற்பத்தாறு சதவீதம்.

"இந்த நோயில பட்டினி போடவே கூடாதும்மா," என்றார் டாக்டர், அவள் பக்கம் திரும்பாமல், கணினியைப் பார்த்துக்கொண்டே. "உடம்பு மொதல்ல தசையைத்தான் திங்கும். போற தசை திரும்பாது. யாராவது உங்ககிட்ட சொல்லலையா?"

சாதிக் அப்போது வெளியே சக்கர நாற்காலியில் இருந்தார். அந்தக் கேள்வியை அவள் அங்கேயே முடிந்துகொண்டாள். ஐந்து மாதமாக அவிழ்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அன்று பிளஸ் ஒன்னுக்கு செல் பாடம். நடத்தித்தான் ஆக வேண்டும். கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு உள்ளே ஒவ்வொன்றாக வரைந்தாள். லைசோசோமுக்கு வந்ததும் புத்தகத்தில் உள்ளபடி 'தற்கொலைப் பைகள்' என்று எழுதினாள். வருஷா வருஷம் போல் பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஏன் அந்தப் பெயர் என்று சொன்னாள். அந்தப் பை வெளியிலிருந்து வந்ததையும் உள்ளே பழுதானதையும் செரிக்கும். பை உடைந்தால் செல்லையே செரித்துவிடும்.

ஆலியா என்ற பெண் எழுந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். முஸ்லிம் பிள்ளை என்பதால் இந்தப் பாடத்தில் தனக்கொரு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுந்ததுபோல் இருந்தது. "டீச்சர், நோன்பு வச்சா இது நல்லா வேலை செய்யும்னு போன வருஷத்து அக்காமாருக்கு நீங்க சொன்னீங்களாம். நோபல் பரிசு கூட குடுத்தாங்கன்னு. எனக்கு அத எழுதிப் போடுங்க டீச்சர், எங்க அத்தாக்கு சுகர் இருக்கு, காட்டணும்."

சப்ரீன் கையில் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றாள். நாற்பத்திரண்டு முகங்கள். ஒரு வரி சொன்னால் போதும். உங்க அத்தாவை டாக்டரைக் கேக்கச் சொல்லு. நான் சொன்னது பாதிதான், மீதியை நான் இப்பத்தான் படிச்சேன். வாய் திறந்தது.

"டாக்டரக் கேக்காம எதுவும் செய்யச் சொல்லாத," என்றாள். "மத்தபடி அது பாடத்துல இல்ல. பரீட்சைக்கு வராது."

அவள் அப்பாவுக்கான அந்த முதல் வரி ஆலியாவின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் முகம் சுருங்கி உட்கார்ந்தாள். சப்ரீன் அடுத்த உறுப்பை வரையத் திரும்பினாள். கோடு கோணலாகப் போயிற்று.

மதியம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸை மூடியபடியே வைத்திருந்தாள். எதிரில் இருந்த கணக்கு டீச்சர் கோதா அதைப் பார்த்தாள். கோயில் மாட வீதியில் வீடு, இருபது வருஷச் சிநேகிதி. "எனக்கு இன்னிக்கு ஏகாதசி. உனக்கென்னடி வந்துது?" என்றாள். "நாங்களுந்தான் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா செல்லைச் சுத்தம் பண்றோம். எங்காத்துக்காரர் தொப்பை மட்டும் ஒரு சுத்து கொறையக் காணோம்."

சப்ரீன் சிரித்தாள். பிறகு, "கோதா, அவுகளுக்கு எடை எறங்கிருச்சு," என்றாள்.

கோதா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஆடிப்பூரத்துக்குத் தேர் அலங்கரிக்க மூங்கில் ஏற்றிக்கொண்டு போன வண்டியின் சத்தம் கேட்டது. "அவர்ட்ட சொன்னியா?" என்றாள் கடைசியில். எடையைத்தான் கேட்டாள். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

"சாயங்காலம் சொல்லணும்."

ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது சாரல் வலுத்திருந்தது. அன்று லோடு எதுவும் வரவில்லை. குடோனில் நாலு பெண்கள் உட்கார்ந்து, முந்தின நாள் மிச்சத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாதிக்கைக் குடோன் வாசலில், தூசி படாத தூரத்தில் வைத்திருந்தார்கள். நாற்காலிக் கையில் கட்டிய பலகையில் போன் சாய்ந்திருந்தது. வலது ஆட்காட்டி விரல் ஒன்றுதான் இன்னும் அவர் சொன்னதைக் கேட்கும். அவளைப் பார்த்ததும் கண்ணால் போனைக் காட்டினார். பகல் முழுக்க உட்கார்ந்து அடித்திருக்க வேண்டும்.

'காலைல மிஷின்ல 46.150. தூக்க நீ நகந்தப்பப் பாத்துட்டேன். நாற்காலி போக 43.800. முப்பது வருசம் நிறுத்தவன்ட்ட மறைக்காத.'

அவள் அவர் காலடியில் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குக் கீழே இன்னும் இருந்தது.

'எட்டு நோன்பு பாக்கி. அதை விட்டதுலதான் இப்படி ஆயிட்டு. பாதிச் சுத்தத்துல நிறுத்துனா எப்படி சரியாகும். நாளைல இருந்து எட்டும் வைக்கேன். செவ்வாய்க்குள்ள அஞ்சு ஆயிரும். விடியுமுன்ன நீதான் எழுப்பணும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் மட்டும் பழைய சாதிக்குடையவை. பேரம் படிந்த மாதிரி ஒரு தெளிவு அவற்றில். அவர் ஐந்து மாதமாக இதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. எடை இறங்கிய ஒவ்வொரு தடவையும் தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார். முடிக்காமல் விட்டவன் தான் என்று.

வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். டாக்டர் வேண்டாம்னுட்டார், தாங்காது, பொறவு பாக்கலாம். அதற்கு அவர் கேட்க மாட்டார். சலுகை இருந்தும் வைத்த மனுஷன். அவள் எழுப்பாவிட்டால் சண்முகத்தாயை எழுப்பச் சொல்லுவார். உண்மையைச் சொன்னால் கேட்பார். ஆனால் உண்மையைச் சொன்னால், விரலை அசைத்து எண்ணிக்கை காட்டிய அந்த நாட்கள் என்ன ஆகும். இந்த உடம்பைக் கொண்டு அவர் கடைசியாகச் செய்தது அதுதான். அதை அவள் எடுத்துவிட்டால் அவரிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மின்விளக்கு ஒரு தடவை மங்கி, அணைந்தது. குடோனில் தூசி இழுக்கும் விசிறியின் சத்தம் சரிந்து நின்றது. குடோனுக்குள் சண்முகத்தாயின் குரல் கேட்டது. "ஏட்டி, கையில இருக்கதக் கட்டுங்க. மொதலாளி பாத்துக்கிட்டு இருக்காவ." பெண்கள் துணியை உதறி முடிகிற சத்தம். பிறகு மழை மட்டும்.

"வைக்காதீங்க," என்றாள் சப்ரீன். தன் குரல் வகுப்பில் பேசுவதுபோல நேராக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. "நான் சொன்னது தப்புங்க. செல்லு சுத்தமாகும்னு சொன்னேன்ல, அது உங்க நோவுக்கு ஆகாதாம். பட்டினி கெடந்ததுலதான் எடை போச்சு. மூச்சும் அதுலதான் எறங்குச்சு. ஆஸ்பத்திரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் உங்கள்ட்ட சொல்லல."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. அசைய அதில் அதிகம் மிச்சமில்லை. மழைத்தண்ணீர் ஓட்டு விளிம்பிலிருந்து ஒரே இடத்தில் விழுந்து மண்ணைக் குடைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து விரல் நகர்ந்தது. ஒரு எழுத்து, நிறுத்தம், இன்னொரு எழுத்து. அவள் திரையைப் பார்க்காமல் விரலையே பார்த்தாள். எச்சில் துடைக்கும் துணியை எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

'இருபத்திரெண்டுமா'

கேள்விக்குறி போடவில்லை. அது இருக்கும் இடத்துக்கு அவர் விரல் எட்டாது.

அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றுதான். அவர் அதைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தித் தன் விரலைப் பார்த்தார். அது பலகையின் மேல் கிடந்தது. திரை கொஞ்ச நேரம் எரிந்து, தானே அணைந்தது.

பள்ளிவாசலில் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கரண்ட் இல்லாததால் ஒலிபெருக்கி இல்லை. மோதினாரின் வெறும் குரல் மழைக்குள் பாதிதான் வந்தது. இன்று கரண்ட் வராது போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். முடிச்சுகள் அப்படியே வரிசையாகக் கிடந்தன. ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்த சண்முகத்தாய் இருவரையும் பார்த்தாள். ஏதோ சொல்லக் கேலியாக வாயெடுத்தவள், சொல்லாமல் கீழே கிடந்த செருப்பைக் காலால் தேடினாள்.

"மூட்டைய மேடையில ஏத்திட்டுப் போவட்டா, டீச்சரம்மா? தரையெல்லாம் ஈரம்."

சப்ரீன் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்முகத்தாய் மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

குடோனுக்குள் முழுதாக இருட்டிவிட்டது. எடை மிஷினுக்கு மட்டும் பேட்டரி உண்டு. காலையில் யாரும் எடுக்காமல் விட்ட நாற்காலி அதன் மேலேயே இருந்தது. நாற்காலி தெரியவில்லை. இருட்டில் சிவப்பாக 2.350 மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சாதிக் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.